நீல மருந்துக் கடையிலிருந்து வலப்பக்கம்

நீல மருந்துக் கடையைத் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது.

தென்ச்சா கைப்பேசியை ஈரக் கையோடு பிடித்தபடி அந்தக் குரல் செய்தியை இன்னொரு முறை ஓடவிட்டாள். பேசிய மரியனேலாவுக்கு மூச்சு வாங்கியது. பின்னணியில் மழை ஏதோ தகரத்தின் மேல் படபடவென்று விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா, நீங்க எழுதின மாதிரியே வந்துட்டேன். கடைசி ஸ்டாப்புல எறங்கி, நீல மருந்துக் கடையத் தாண்டி வலது பக்கம் திரும்பியாச்சு. நான்தான் வீணா பயந்துட்டேன், வழி ரொம்ப சுலபம்!"

அப்படியொரு மருந்துக் கடை கிடையாது. அதை இன்று மதியம் இதே அடுப்படியில் நின்று, வெங்காயம் நறுக்குவதற்கு நடுவே, தென்ச்சாதான் உண்டாக்கினாள்.

மேலே அவள் கணவன் லியோபார்தோ சீட்டியடித்துக்கொண்டே அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். வெளியூரிலிருந்து மெக்ஸிகோ நகரத்துக்கு வருகிறவர்களுக்கு அவர்கள் வாடகைக்கு விடும் மாடியறை அது. பெருக்குவது எப்போதும் தென்ச்சாவின் வேலை. இன்று அவனே துடைப்பத்தை எடுத்துப்போயிருந்தான். சன்னல் கண்ணாடியைச் செய்தித்தாளால் தேய்க்கும் கீச்சொலியும் கேட்டது. தலைமுடி வெட்டிக்கொண்டு வந்திருந்தான். மழைக்கு முந்திய மண்வாசனையோடு அவனுடைய புது சவரத் தைலத்தின் வாசனை படியிறங்கி அடுப்படிவரை வந்து நின்றது.

வருகிறவர்களுக்கு வழி சொல்வது அவன் பொறுப்பு; பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். அதைக் கைப்பேசியில் எழுதி அனுப்புவது அவள் பொறுப்பு. யாராக இருந்தாலும் மூன்று வரி போதும். விமான நிலையத்தில் நாலாம் தட மெட்ரோபஸ் ஏறுங்கள், புவெனாவிஸ்தாவில் இறங்குங்கள், நாரஞ்சோ தெரு என்று கேளுங்கள். அவ்வளவுதான். ஆனால் மரியனேலாவுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேசையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போனான். பெட்டியோடு ஏற எந்தக் கதவு வசதி, பஸ்ஸில் எந்தப் பக்கம் வெயில் அடிக்காது, இறங்கியதும் எந்த ஓரமாக நடந்தால் சேறு இருக்காது. "சபினோ தெரு முனையில மரத்து வேர் நடைபாதையத் தூக்கி வச்சிருக்கு, காலப் பாத்து வைக்கச் சொல்லு."

அந்த வேரில் தடுக்கித் தென்ச்சா ஒருமுறை விழுந்திருக்கிறாள். கணுக்கால் வீங்கிப் படுத்துக் கிடந்தவளிடம் அவன் கேட்டது ஒரே கேள்வி. "கண்ணு எங்க இருந்துச்சு?"

போன வருஷம் மரியனேலா மூன்று வாரம் இருந்தாள். மோந்தேவிதேயோ நகரத்தில் ஒரு நாடகக் குழுவுக்கு மேடை விளக்குகள் அமைப்பவள். எதையும் ஆச்சரியமாகக் கேட்கிறவள். வழி மட்டும் அவளுக்கு ஞாபகத்தில் நிற்காது; எழுதிக் கொடுத்தால் அப்படியே நம்பிப் போவாள். ஒரு மாலை அவளும் லியோபார்தோவும் ஒரே குடைக்குள் சிரித்தபடி வந்து வாசலில் நின்றார்கள். தென்ச்சா கதவைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. அதற்கு மேல் அவள் எதையும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஆகவே மதியம், அவன் சொன்னதை அழித்துவிட்டு வேறொன்று எழுதினாள். மெட்ரோவில் பந்தித்லான் போ. அங்கே பச்சைக் கோடு போட்ட சிற்றுந்து ஏறு. கடைசி நிறுத்தத்தில் இறங்கு. நீல மருந்துக் கடை, அங்கிருந்து வலப்பக்கம், மொட்டைமாடியில் வெள்ளை நாய் நிற்கும் ஒரு சந்து. நாயை எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றாததால், 'பிறகு யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்' என்று முடித்தாள்.

சொல்லத்தான் செய்வார்கள். வழி கேட்டவரிடம் தெரியாது என்று சொல்லிக் கையை விரிப்பது இந்த ஊரில் மரியாதைக் குறைவு. தெரிந்தால் சொல்வார்கள்; தெரியாவிட்டால் இன்னும் விளக்கமாகச் சொல்வார்கள். அன்போடு கையை நீட்டிவிடுவார்கள். ஊரின் மறுகோடியில், நீட்டின கைகளுக்கு நடுவே அந்தப் பெண் பொழுது சாயும்வரை சுற்றட்டும். அலுத்துப்போய் டாக்ஸி பிடித்து ஏதாவது ஓட்டலுக்குப் போகட்டும். தென்ச்சா நினைத்தது அவ்வளவுதான்.

மருந்துக் கடை எங்கேதான் இல்லை, நீலச் சாயம் யார்தான் அடிப்பதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் அடுப்பில் பாலை வைத்தாள்.

லியோபார்தோ படியிறங்கி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை.

"என்ன கெழவி, ஏதாவது செய்தி வந்துச்சா? ப்ளேன் எறங்கி ரொம்ப நேரமாச்சே."

"வருதாம். வந்துக்கிட்டே இருக்குதாம்."

"எங்க இருக்கா இப்ப?"

"எனக்கென்ன தெரியும்? நீதான பாதைய அளந்து அளந்து குடுத்த. கல்லு எங்க, முள்ளு எங்கன்னு."

அவன் சிரித்தான். "பொறாமையாடி?"

"ஆமா, பொறாமை. அந்த மாதிரி பெட்டிய இழுத்துக்கிட்டு மழையில அலையணும்னு எனக்குக் கொள்ளை ஆசை."

அவன் சமையல் மேசையில் வைத்திருந்த சிப்பி வடிவ இனிப்பு ரொட்டிகளை எண்ணெய்த் தாளிலிருந்து எடுத்து நல்ல தட்டில் அடுக்கினான். நல்ல தட்டு. விருந்தாளிகளுக்குக்கூட எடுக்காதது. தென்ச்சா மத்தை எடுத்துப் பாலில் சாக்லேட்டைக் கடையத் தொடங்கினாள். உள்ளங்கைகளுக்கு நடுவே மத்து உருண்டது. நுரை எழும்பியது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. தெருவில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வண்டிக்காரனின் நீராவி ஊதல் ஒரு நீண்ட அழுகைபோலக் கிளம்பி, உச்சிக்குப் போய், மெல்ல மெல்ல அவிந்தது.

கைப்பேசி மினுங்கியது. அவள் அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத் துணி துவைக்கும் தொட்டியருகே போனாள்.

"அக்கா, நாயப் பாத்துட்டேன்!" மரியனேலா சிரித்தாள். "வெள்ளை நாய், மாடியில. குரைக்கவே மாட்டேங்குது, சும்மா பாத்துக்கிட்டு நிக்குது. அதுக்கப்புறம் ஒரு அம்மாவக் கேட்டேன், கைய நீட்டினாங்க. ஒரு தாத்தாவும் அதே பக்கம்தான் காட்டினாரு. எல்லாருமே ஒரே பக்கம் காட்டறாங்க, அக்கா. போன தடவ ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு திக்கைக் காட்டுவாங்களே, ஞாபகம் இருக்கா?"

அந்தப் பேச்சின் கடைசியில், குரலுக்குப் பின்னால், சர்க்கரைவள்ளிக்கிழங்கு வண்டியின் ஊதல் கேட்டது. கிளம்பி, உச்சிக்குப் போய், மெல்ல மெல்ல அவிந்தது.

தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் இப்படி எத்தனையோ வண்டிகள். தென்ச்சா குழாயை இறுக மூடினாள். அது மேலும் சொட்டியது.

அவள் திரும்பி உள்ளே வருவதற்குள் அடுத்த செய்தி வந்தது. ஈர விரல் வழுக்கியதில் அது தானாகவே ஓடத் தொடங்கி, வீடு முழுக்க உரக்க ஒலித்தது.

"வாசலுக்கே வந்துட்டேன். பச்சைக் கதவு, கதவத் தட்டறதுக்குக் கை மாதிரி பித்தளைப் பிடி, காலிக் கொழுப்பு டின்னுல ஜெரேனியம் செடி. போன வருஷம் பாத்தது அப்படியே இருக்கு! தட்டிக்கிட்டே இருக்கேன். உள்ள மத்து சத்தம் கேக்குது. யாரும் தொறக்க மாட்டேங்கறீங்களே?"

இதெல்லாம் அவள் எழுதாதவை.

லியோபார்தோ எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்தான். தெருவிளக்கின் மஞ்சளில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. படியில் யாருமில்லை. டின்னில் ஜெரேனியம் நனைந்துகொண்டிருந்தது.

"பக்கத்துத் தெருவுல நிக்கிறாடி. ஃப்ரெஸ்னோ தெருவுலகூட ஒரு பச்சைக் கதவு உண்டு. பாவம், குழம்பிட்டா." குடையை எடுத்தான். "நான் போய்க் கூட்டிக்கிட்டு வந்துடறேன்."

"போகாத."

"ஏன்?"

அவள் வாயைத் திறந்தாள். ஒரே வாக்கியம்தான். அவ அங்க இல்ல, நான்தான் அவள வேற எங்கயோ அனுப்பிட்டேன். அதைச் சொன்னால் அவன் நின்றிருப்பான். நின்று அவளைப் பார்த்திருப்பான். அந்தப் பார்வையோடு மிச்ச வருஷங்களையெல்லாம் கழிக்க வேண்டும். பிறகு தேடிக்கொண்டு பந்தித்லான்வரை ஓடுவான், அவளுக்காக.

"ஒண்ணுமில்ல. சாக்லேட் ஆறிடும்."

"சூடு பண்ணி வை. ரெண்டு நிமிஷம்."

குடை விரியும் சத்தம். செருப்பொலி தெருமுனைவரை போய்த் தேய்ந்தது.

அவள் சாக்லேட்டைச் சூடு பண்ணினாள். ஆறியது. மறுபடி சூடு பண்ணினாள். பாலில் ஆடை சுருங்கிக் கறுத்தது. மழை நின்று, மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வழியும் சத்தம் மட்டும் சுவருக்குள்ளே யாரோ நடப்பதுபோலக் கேட்டது.

அவனிடமிருந்து செய்தி வந்தது.

"கெழவி, வேடிக்கையக் கேளு. ஃப்ரெஸ்னோவுல அவ இல்ல. ஒரு பெரியவரக் கேட்டேன், கைய நீட்டினாரு. போய்ப் பாத்தா அங்க ஒரு பொம்பள, அதுவும் அதே பக்கம் கைய நீட்டுது. இருவது வருஷமா இங்க இருக்கேன், இப்படியொரு தெரு இருக்கறதே எனக்குத் தெரியாது. பூகோள வாத்தியார்னு வெளிய சொல்லிடாத."

சிரிப்பு. நடை. யாரோ எதையோ சொல்கிறார்கள். அவன் நன்றி சொல்கிறான். பிறகு தட்டும் சத்தம். பித்தளை மேல் பித்தளை. தென்ச்சாவுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

கதவு திறந்தது.

"வாங்க வாங்க. ரெண்டு பேரும் நனைஞ்சிட்டீங்களே," என்றது ஒரு பெண்குரல்.

"துண்டு எடுத்துட்டு வா கெழவி," என்றான் லியோபார்தோ.

செய்தி அத்தோடு முடிந்தது.

தென்ச்சா அசையாமல் நின்றாள். தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்டால் அடையாளம் தெரியாது என்பார்கள். அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அப்படி இனிமையாக அவள் பேசி வெகு காலமாகிவிட்டது.

அவனுக்கு அழைத்தாள். மணி போனது. எடுத்தான். பின்னால் மத்து உருளும் சத்தம், தட்டு வைக்கும் சத்தம், மரியனேலாவின் சிரிப்பு.

"சொல்லுங்க," என்றான்.

"லியோபார்தோ, நான்தான். எங்க இருக்க?"

 பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாக, "யாரும்மா? எங்க போகணும் உங்களுக்கு?" என்றான்.

அவள் கதவைப் பூட்டாமலே இறங்கி ஓடினாள்.

தெருமுனையில் எழுதுபொருள் கடை வைத்திருக்கும் சாயோ, இரும்புக் கதவைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தாள். தென்ச்சாவின் கல்யாணத்துக்கு நடனமாடினவள்.

"சாயோ அக்கா, என் வீட்டுக்காரரப் பாத்தியா?"

"குடையப் புடிச்சுக்கிட்டு மாப்பிள்ள மாதிரி போனாரே! என்னடி, புருஷனத் தொலைச்சிட்டியா? கழுத்துல மணி கட்டி விடுன்னு அப்பவே சொன்னேன்." சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். "அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் ஃபிதென்சியோவின் டாக்கோ வண்டி. வறுபடும் கொழுப்பின் வாசனை, ஆவி, ஒற்றை பல்பு. அவளுக்கு எவ்வளவு வெங்காயம் வேண்டுமென்று கேட்காமலே போடுகிறவர். இன்று நிமிர்ந்து அவளைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"வாத்தியாரையா? இப்படித்தான் போனாரு." கத்தி பிடித்த கை நீண்டது. "நீங்க அவருக்குச் சொந்தமா?"

"என்ன வெளையாட்டு இது? நான் தென்ச்சா."

"நல்லதும்மா," என்றார் மரியாதையாக. கை இறங்கவில்லை.

அவள் நடந்தாள். பூ விற்கிறவள் ஒருத்தி வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். வாரா வாரம் அவளிடம்தான் வாங்குவது. தென்ச்சா கேட்குமுன்பே அவள் எழுந்தாள். வெளிநாட்டுக்காரர்களிடம் பேசுவதுபோல, உரக்க, மெதுவாக, வாயை அகலமாக அசைத்துச் சொன்னாள்.

"நேரா. போங்க. புரியுதா? நேரா."

கை நீண்டது.

இங்கே தெருக்களுக்கெல்லாம் மரங்களின் பெயர். அடுத்த முனையில் இருந்த பலகையிலும் ஒரு மரத்தின் பெயர்தான் எழுதியிருந்திருக்க வேண்டும். அவள் அப்படியொரு மரத்தைக் கேள்விப்பட்டதில்லை. பெட்ரோல் வாசனையோடு சிற்றுந்து ஒன்று திரும்பி நின்று விளக்கை அணைத்தது. பச்சைக் கோடு. அதிலிருந்து யாரும் இறங்கவில்லை.

பிறகு நீலம். ஈரத்தெரு முழுக்க நீல வெளிச்சம். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை அங்கி போட்ட ஓர் ஆள். ஸ்பிரிட் வாசனை. அவள் நிற்கவில்லை. அவன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே கையை நீட்டினான்.

வலப்பக்கம்.

சந்து. மாடியில் நாய். குரைக்கவில்லை.

அவள் எழுதியது இதோடு முடிந்திருந்தது. இதற்கு மேல் அவள் எழுதாத தெரு. இரு பக்கமும் வாசல்கள். வாசலுக்கு ஒருவர். ஒவ்வொருவரும் கையை நீட்டியபடி. அவள் யாரையும் கேட்கவில்லை.

பச்சைக் கதவு.

தட்டினாள்.

திறந்தது ஒரு பெண். தென்ச்சாவின் ஏப்ரன். தென்ச்சாவின் மணிக்கட்டில் உள்ள எண்ணெய் சுட்ட தழும்பு. தென்ச்சாவின் முகம், ஆனால் இரவுகளில் நன்றாகத் தூங்குகிறவளின் முகம். உள்ளே மேசையில் நல்ல தட்டு. மரியனேலா துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு கெழவி?" லியோபார்தோ வந்தான். அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்தபடி நின்றான். கை அங்கேயே இருந்தது. அப்படி அவன் கை வைப்பதைத் தென்ச்சா மறந்தே போயிருந்தாள். எரிந்தது. அந்தப் பெண்ணின் தோளைப் பார்க்கப் பார்க்க எரிந்தது.

"பாவம், வழி தெரியாம வந்துட்டாங்கபோல," என்றாள் அந்தப் பெண். "வெளியூரு."

"லியோ. இது என் வீடு."

அவன் அன்போடு தலையாட்டினான். புரியாத பாஷையைக் கேட்கும் நல்ல மனிதர்கள் ஆட்டுவதுபோல. பிறகு படியில் இறங்கி அவளருகே வந்தான். சவரத் தைல வாசனை. அவள் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான்.

"கவலைப்படாதீங்கம்மா. நான் சொல்றேன், கவனமாக் கேட்டுக்குங்க. இப்படியே போனா வெளக்கு முடியற எடம் வரும். அங்க தரை கொஞ்சம் எறக்கம், எடது கால முதல்ல வைங்க, வழுக்கும். குளிரும். இத வச்சுக்குங்க." தன் கழுத்திலிருந்த கம்பளித் துணியை எடுத்து அவளுக்குச் சுற்றிவிட்டான். "செவுத்தப் புடிக்காதீங்க. பின்னாடி யாரு கூப்புட்டாலும் திரும்பாதீங்க. அதுக்கப்புறம் நீங்க யாரையும் வழி கேக்க வேண்டியதில்ல. அவங்களே வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க."

அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு அக்கறையாக அவன் அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை. ஒரு சொல் விடாமல் கேட்டாள். கேட்டு முடித்தபோது தலையாட்டினாள்.

அவன் கையை விட்டுவிட்டுப் படியேறினான்.

மூவரும் வாசலில் நெருக்கமாக நின்றார்கள். வீட்டு வெளிச்சம் அவர்கள் முதுகில் விழுந்தது. முகங்கள் தெரியவில்லை. மூன்று கைகள் எழுந்தன.

ஒரே பக்கம்.

அங்கே வீடுகள் இல்லை. தெருவிளக்கு இல்லை. ஈரக் காற்று மட்டும் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது, ஏதோ மூச்சு விடுவதுபோல. விட்டு விட்டு.

அவள் கால்கள் நடந்தன.

விளக்கு முடியும் இடம் வந்தது. தரை இறங்கியது. அவள் இடது காலை முதலில் வைத்தாள்.

பின்னால் அவன் குரல். "தென்ச்சா!"

அவன் குரலேதான். பதறிய குரல். அவள் பெயர்.

அவள் திரும்பினாள்.

தெரு முழுக்க, வாசலுக்கு வாசல், மாடிக்கு மாடி, கைகள். இப்போது அவை இருட்டைக் காட்டவில்லை. ஒவ்வொரு விரலும் அவளைக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த எதற்கோ.